படியூர்க் கல்லும் திருப்பூர் பனியனும்

கொங்குப் பக்கம் ஏற்றுமதியாளர் கூட்டமோ, தொழிற்கண்காட்சியோ, கல்லூரி ஆண்டுவிழாவோ எது நடந்தாலும் மேடையில் ஒரு பேச்சு தவறாமல் வந்துவிடுகிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ரோமாபுரிக்குச் சரக்கு அனுப்பிய மண் இது, அந்த மரபைத்தான் இன்று திருப்பூர் தொடர்கிறது என்பார்கள். கைதட்டலும் தவறாமல் விழும். அவிநாசிக்காரர்களுக்கு இந்தப் பேச்சு இன்னும் கொஞ்சம் கூடுதலாக இனிக்கும். சேலத்திலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே கொச்சிக்குப் போகும் நெடுஞ்சாலை எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு செல்கிறது. முசிறித் துறைக்குப் போன சாத்துகளும் அந்தக் கணவாய் வழியேதானே போயிருக்கும் என்று மனக்கணக்குப் போட்டுக்கொள்வோம்.

இந்தப் பேச்சைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே மூன்று கூற்றுகள் இருக்கின்றன. தொலைதேசங்களோடு கொங்குக்கு வணிகத் தொடர்பு இருந்தது என்பது ஒன்று. அந்த வணிகத்தில் நம் கை ஓங்கியிருந்தது என்பது, வாய்விட்டுச் சொல்லாமலே உணர்த்தப்படும் இரண்டாவது. இன்றைய பனியன் தொழில் அதன் வாரிசு என்பது மூன்றாவது. மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வதால் முதலாவதின் பலம் மற்ற இரண்டுக்கும் இரவலாகக் கிடைத்துவிடுகிறது. தனித்தனியாக நிறுத்துப் பார்க்க வேண்டியவை இவை.

முதல் கூற்றில் வாதத்துக்கு இடமில்லை. சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரையில் இருக்கிறது கொடுமணல். பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில் கிழாரும் அணிகலன்களோடு சேர்த்துப் பேசும் கொடுமணம் இந்த ஊர்தான் என்பதை ஆய்வாளர்களில் பெரும்பாலோர் ஏற்றிருக்கிறார்கள். தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் சார்பில் எ. சுப்பராயலுவும் கா. ராஜனும் 1985 முதல் இங்கே அகழ்ந்தார்கள். பிறகு புதுவைப் பல்கலைக்கழகமும் தமிழக அரசின் தொல்லியல் துறையும் தொடர்ந்தன. தோண்டத் தோண்டக் கிடைத்தது ஒரு தொழிற்பேட்டை. பாதி செதுக்கியவை, துளையிடாமல் விட்டவை, துளையிடும்போது உடைந்தவை, மெருகேறியவை எனக் கல்மணிகள் ஒவ்வொரு கட்டத்திலும் கிடந்தன. பெரில், நீலம், பளிங்கு, செவ்வந்திக்கல், சூதுபவளம், அகேட் என வகைக்குக் குறைவில்லை. இரும்பு உருக்கிய உலைகள் இருந்தன. நூல் நூற்கும் தக்களிகளும் கிடைத்தன. தமிழ்ப் பிராமியில் பெயர் கீறிய பானை ஓடுகள் மட்டுமே நூற்றுக்கணக்கில் வரும்.

பெரில் எங்கிருந்து வந்தது என்று தேடி அலைய வேண்டியதில்லை. காங்கேயத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது படியூர். அங்கே 1819–20இல் ஹீத் என்ற ஆங்கிலேயர் சுரங்கம் தோண்டி 2,196 கற்கள் எடுத்தார். அவற்றின் மதிப்பு 1,201 பவுண்டு என்பது பதிவாகியிருக்கிறது. ரோமாபுரிப் பெரியமனிதர்கள் உயிராக மதித்த நீலப்பச்சைக் கல் இதே வகைதான். பெரில் இந்தியாவில்தான் கிடைக்கிறது, வேறிடங்களில் அரிது என்று முதல் நூற்றாண்டு ரோமானியரான பிளினி எழுதிவைத்திருக்கிறார். பளிங்குக்குச் சாயமேற்றிப் போலிப் பெரில் செய்யவும் இந்தியர் கற்றுவைத்திருக்கிறார்கள் என்று அதே பகுதியில் அவர் குறைப்படுகிறார். மேடையில் பிளினியை மேற்கோள் காட்டுபவர்கள் இந்த வரிக்கு மட்டும் வருவதில்லை.

இனி நாணயங்கள். கோவைக்குப் பக்கத்து வெள்ளலூரில் 1842இல் ஒரே புதையலில் 522 ரோமானிய வெள்ளிக் காசுகள். கத்தாங்கண்ணியில் 1913இல் 233. பொள்ளாச்சி, கரூர் என்று பட்டியல் நீளும். இந்தியாவில் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் பெரும்பகுதி அகஸ்டஸ், திபேரியஸ் என்ற இரண்டே பேரரசர்களின் காலத்தவை. அவற்றில் மிகப் பெரிய பங்கு பாலக்காட்டுக் கணவாய்க்கும் கரூருக்கும் இடையில் விழுந்திருக்கிறது. தொடர்புக்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆனால் சான்று மிகுதியாக இருக்கும் இடத்தில் மிகைப்படுத்துவதற்கும் ஆசை வந்துவிடுகிறது. இந்திய வணிகத்தால் ரோமாபுரிக்கு ஆண்டுதோறும் 10 கோடி செஸ்டர்ஸ் கரைந்தது என்று பிளினி புலம்பியதாகச் சொல்வார்கள். 10 கோடி என்பது இந்தியா, சீனா, அரேபியா மூன்றுக்கும் சேர்த்து அவர் சொன்ன கணக்கு; இந்தியாவுக்கு மட்டும் வேறோர் இடத்தில் அவர் தருவது 5 கோடி. அதேபோல உலகின் சிறந்த இரும்பு ‘சேரர்’ அனுப்பியது என்று பிளினியே எழுதியதாக ஒரு வழக்கு. அவர் எழுதியிருப்பது ‘சேரெஸ்’. அந்தச் சொல்லால் ரோமானியர் குறித்தது பட்டு நெய்யும் சீனத்தாரை. கொடுமணலில் உருக்கு உலை இருந்தது என்பதற்கு மண்ணே சாட்சி சொல்லும்போது இப்படி ஒட்டுப்போட வேண்டிய அவசியம் என்ன?

இதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. கொடுமணலின் காலத்தை ரோமாபுரியை வைத்தே அளந்து பழகிவிட்டோம். 1945இல் அரிக்கமேட்டைத் தோண்டிய மார்ட்டிமர் வீலர் அங்கே யவனப் பானைகளைக் கண்டதும், தென்னிந்தியாவின் நகர வாழ்வையே ரோமானியத் தொடர்பின் விளைவாகப் பார்த்தார். பின்னால் விமலா பெக்லே 1989 முதல் 1992 வரை அதே இடத்தை மறுபடி அகழ்ந்து, ரோமானியர் வருகைக்கு முன்பே அரிக்கமேடு வாழ்ந்த ஊர் என்று காட்டினார். கொடுமணலுக்கும் அதுவே பொருந்தும். அதன் அடிமட்டங்கள் அகஸ்டஸுக்குச் சில நூற்றாண்டுகள் முந்தியவை என்பது ராஜனின் முடிவு. ஓடுகளில் கண்ணன் ஆதன், சம்பன் போன்ற பெயர்களோடு சுமணன், விசாகி என்று வடக்கத்திப் பிராகிருதச் சாயல் உள்ள பெயர்களும் கலந்து வருகின்றன. வணிகக் குழுவைக் குறிக்கும் ‘நிகம’ என்ற சொல் ஓர் ஓட்டில் இருக்கிறது. சூதுபவளமும் அகேட்டும் இந்த மண்ணில் விளைபவை அல்ல. வெளியிலிருந்து வரவழைத்து, இங்கே பட்டை தீட்டி, வெளியே அனுப்பியிருக்கிறார்கள். கங்கைச் சமவெளியோடும் தக்காணத்தோடும் இருந்த இந்தக் கொடுக்கல்வாங்கல் நெடுநாள் ஓடியது. ரோமாபுரி அதன் நடுவில் வந்து சேர்ந்த பெரிய வாடிக்கையாளர். மேடைப் பெருமையில் வடநாட்டு வாடிக்கையாளருக்கு இடமே இல்லை. வெள்ளைக்காரர் வாங்கினால்தான் ஏற்றுமதி என்ற எண்ணம் அப்போது இல்லை, இப்போது இருக்கிறது.

இரண்டாவது கூற்றுக்கு வருவோம். நம் கை ஓங்கியிருந்ததா? இதில் வரலாற்றறிஞர்களுக்கு இடையிலேயே கடும் பிணக்கு. கேரளத்தைச் சேர்ந்த ராஜன் குருக்கள் 2016இல் வெளியிட்ட நூலில் ‘இந்திய–ரோமானிய வணிகம்’ என்ற சொல்லாட்சியையே தூக்கி எறியச் சொல்கிறார். ஒரு பக்கம் பேரரசு, பெருமுதல், பெருங்கப்பல். மறுபக்கம் குறுநிலத் தலைவர்களும் கொடையும் கொள்ளையும் பண்டமாற்றும். சமமில்லாத இந்த இருவருக்கும் இடையில் நடந்ததை இருதரப்பு வணிகம் என்று சொல்ல முடியாது, அது கிழக்கு மத்தியதரைக்கடல் வணிகர்கள் நடத்திய பரிமாற்றம் என்பது அவர் வாதம்.

இந்த வாதத்துக்கு மிகப் பெரிய துணை வியன்னாவில் இருக்கும் ஒரு பாப்பிரஸ் தாள். 1985இல் அச்சேறிய அதை முசிறி ஒப்பந்தம் என்கிறார்கள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. முசிறிப் பயணத்துக்கான கடனைப் பற்றியும், செங்கடல் துறையிலிருந்து ஒட்டகத்தில் ஏற்றி, நைல் வழியே அலெக்சாந்திரியா வரை சரக்கைப் பத்திரமாகச் சேர்ப்பது பற்றியும் ஒரு பக்கத்தில் பேசுகிறது. மறுபக்கத்தில் ஹெர்மப்பொல்லோன் என்ற கப்பலில் வந்த யானைத் தந்தம், நறுமணத் தைலப்பொருள் போன்றவற்றின் கணக்கு. அந்த ஒரு கப்பலின் சரக்கு ஏறத்தாழ 70 லட்சம் செஸ்டர்ஸ் பெறும். அகஸ்டஸ் காலத்தில் ஆண்டுக்கு 120 கப்பல்கள் இந்தியாவுக்குப் புறப்பட்டன என்று ஸ்டிராபோ எழுதுகிறார். எல்லாக் கப்பலும் ஹெர்மப்பொல்லோன் அளவுக்குப் பெரிதாக இருந்திருக்காதுதான். ஆனாலும் 70 லட்சத்தை ஏழால் பெருக்கினாலே பிளினி சொன்ன 5 கோடியைத் தொட்டுவிடுகிறோம். அப்படியானால் பிளினி பேசுவது இந்தியாவுக்குப் போன கொள்முதல் பணத்தைப் பற்றி. ஒப்பந்தம் பேசுவது அலெக்சாந்திரியாவில் சரக்குக்குப் போட்ட மதிப்பைப் பற்றி. இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளிதான் லாபம். பிளினியே அதே இடத்தில் போட்டு உடைத்துவிடுகிறார்: இந்தியச் சரக்கு அங்கே வாங்கிய விலையைப் போல் நூறு மடங்குக்கு இங்கே விற்கிறது என்கிறார். சொகுசைக் கண்டாலே கரித்துக்கொட்டும் மனிதர் அவர். நூறு மடங்கு என்பதை அப்படியே நம்ப வேண்டாம். பாதியாக, கால்வாசியாகக் குறைத்துக்கொண்டாலும் படியூரில் கல் தோண்டியவர் பக்கம் வந்து சேர்ந்தது எவ்வளவு என்பதை ஊகிக்கலாம்.

ஆக குருக்கள் சொல்வது சரியா? பாதிதான் சரி என்பேன். லாபம் எந்தக் கரையில் தங்கியது என்பதில் அவர் கணிப்பு பலமானது. ஆனால் தமிழகத்தை வெறும் வேடிக்கை பார்த்த குடித்தலைமைகளின் நாடாக அவர் சுருக்குவதைக் கொடுமணல் ஏற்கவில்லை. தலைவனுக்குக் காணிக்கை கொடுக்கும் குடி எதற்காகத் தன் பானையில் எல்லாம் பெயர் எழுதிவைக்க வேண்டும்? தூரத்து மூலப்பொருளை வரவழைத்துத் தொழில் நடத்துவதும் பரிசில் பொருளாதாரத்தின் இலக்கணம் ஆகாது. செங்கடற்கரையில் பெரனிகேயிலும் குசைர் அல் காதிமிலும் கொற்றன், கணன், சாதன் என்று தமிழ்ப் பிராமியில் பெயர் கீறிய ஓடுகள் கிடைத்திருக்கின்றன. நம்மவர்கள் அங்கே இறங்கி, சோறு ஆக்கித் தின்று, சரக்கு பார்த்திருக்கிறார்கள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நீரோ கி.பி. 64 வாக்கில் வெள்ளிக் காசின் எடையையும் தரத்தையும் குறைத்தபின் வந்த காசுகள் நம் புதையல்களில் மிக அருகியே கிடைக்கின்றன. பழைய, கனத்த காசுகளைத்தான் இங்கே சேர்த்துவைத்திருக்கிறார்கள். காசின் முகத்தைப் பார்க்காமல் வெள்ளியை உரசிப் பார்த்து வாங்கிய கை இது. ஏமாளிக் கை என்று சொல்ல முடியாது.

எனவே இரண்டாவது கூற்றுக்கு என் தீர்ப்பு: கைத்திறன் நம்முடையது, சரக்கைப் பற்றிய கெட்டிக்காரத்தனமும் நம்முடையது. கப்பலும் கடன்முதலும் விற்பனைச் சந்தையும் நம்முடையவை அல்ல. விலை அங்கே முடிவானது.

மூன்றாவது கூற்றுதான் மூன்றிலும் பலவீனமானது. கொடுமணலுக்கும் திருப்பூருக்கும் இருபது கல் தொலைவுகூட இராது. காலத்தில் ஏறத்தாழ பதினாறு நூற்றாண்டு இடைவெளி. கணவாய்ப் பாதை என்னவோ ஓயவில்லை. சுண்டக்காமுத்தூர்ப் பக்கக் காட்டுக்குள் ராசகேசரிப் பெருவழி என்று கல்வெட்டே இருக்கிறது. எங்கள் ஊருக்கு நாலெட்டில் இருக்கும் திருமுருகன்பூண்டிக் கதையும் அந்தப் பாதையின் கதைதான். சேரமான் பெருமாளிடம் பரிசில் பெற்றுக்கொண்டு திரும்பிய சுந்தரரை வேடுவர் வழிமறித்துப் பொன்னையெல்லாம் பறித்துக்கொண்டார்கள். அவர் சிவனையே வம்புக்கிழுத்துப் பதிகம் பாடினார். வந்தவர்கள் பூதகணங்கள் என்பது பெரியபுராணத்துச் சமாதானம். சேர நாட்டுப் பொன் இந்த வழியாகத்தான் கிழக்கே வந்தது என்பதும், வழியெங்கும் அதற்குக் கண் இருந்தது என்பதும் வரலாற்றுக்காரனுக்குப் போதும். பின்னாளில் ஐந்நூற்றுவர் போன்ற வணிகக் குழுக்கள் சுமத்திராவின் பாருஸ் வரை போய் 1088இல் தமிழில் கல்வெட்டு வைத்தார்கள். பாதை தொடர்ந்தது. தொழில் தொடரவில்லை. பட்டை தீட்டும் கைவினை கொடுமணலோடு அடங்கிப்போயிற்று. அந்தக் கைகளிலிருந்து திருப்பூரின் தையல் மேசைக்கு நூல் பிடிக்க யாராலும் முடியாது.

திருப்பூரின் பிறப்புச் சான்றிதழ் வேறு ஊர்களில் எழுதப்பட்டது. 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டு லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சு நின்றபோது இந்தியப் பஞ்சுக்கு விலை ஏறியது; அந்த அலை கோயம்புத்தூரையும் தொட்டது. அந்த நேரத்திலேயே சென்னை–பேப்பூர் ரயில் பாதையும் இந்த மாவட்டத்தைக் குறுக்காகக் கடந்தது. 1888இல் ஸ்டேன்ஸ் மில். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது கம்போடியாப் பருத்தி. பெயர்தான் கம்போடியா, பூர்வீகம் அமெரிக்கா. தோட்டக்காட்டில் கிணறு வெட்டிக் கவலை இறைத்த கொங்கு வேளாளருக்கு அது கைகொடுத்ததுபோல் வேறெந்தப் பயிரும் கொடுக்கவில்லை. அந்தப் பருத்திப் பணம் ஜின்னிங் ஆலைகளுக்குப் போயிற்று. 1930களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் வந்ததும் கோவையில் மில்கள் வரிசையாக எழுந்தன. பக்கத்தில் திருப்பூரில் பனியன் பின்னும் பட்டறைகள் கிளைத்தன. இந்த வம்சாவளியில் யவனனுக்கு இடமில்லை. கிணறு, அமெரிக்கப் பருத்தி, நீர்மின்சாரம் என்ற மூன்றும்தான் திருப்பூரின் தாய்தந்தையர். இதுவும் உலகத் தொடர்பின் கதைதான். பழம்பெருமைக்குத் தோதான கதையாக இல்லாததால் மேடை ஏறுவதில்லை, அவ்வளவுதான்.

வெளிநாட்டு ஏற்றுமதி 1970களின் கடைசியில், மும்பை வழியே வந்த இத்தாலிய வணிகரிடமிருந்து தொடங்கியதாகத் திருப்பூரில் சொல்வார்கள். 1980களில் ஐரோப்பியக் கடைத்தொடர்கள் நேரடியாகவே வரத் தொடங்கின. ஆண்டுக்குப் பத்துக் கோடியைத் தொட்டுக்கொண்டிருந்த ஏற்றுமதி 2024–25இல் ஏறக்குறைய 40,000 கோடி ரூபாய்க்கு வந்திருக்கிறது. இதை உழைப்பின் வெற்றி என்று ஊரே சொல்லும். ஷரத் சாரி 2004இல் வெளியிட்ட ஆய்வு நூல் அந்தச் சொல்லையே எடுத்து ஆராய்ந்தது. தொழிலாளியாகப் பனியன் கம்பெனியில் நுழைந்த கவுண்டர் இளைஞர்கள் எப்படி முதலாளிகளானார்கள், சாதிக்காரர், உறவுக்காரர், பங்காளி என்ற வலைக்குள் முதலும் நம்பிக்கையும் எப்படிச் சுழன்றன என்று அவர் காட்டுகிறார். இந்தத் தொழிலின் கடிவாளம் லண்டனிலோ மும்பையிலோ இல்லை, உள்ளூரில் இருந்தது என்பது அதன் சாரம். என் கணிப்பில் திருப்பூரைப் பற்றி எழுதப்பட்டவற்றில் மிகக் கூர்மையான பார்வை அதுதான். ஆனைமலையின் தேயிலைத் தோட்டங்களோடு ஒப்பிட்டால் விளங்கும். அங்கே முதல் ஐரோப்பியருடையது, ஆள் சமவெளியிலிருந்து கங்காணி ஓட்டிக்கொண்டு போனது, லாபம் கப்பலேறியது. திருப்பூரில் முதலாளி அதே தெருவில் குடியிருந்தார்.

ஆனால் ‘உழைப்பால் உயர்ந்தோம்’ என்ற கதைக்குள் யாருடைய உழைப்பு என்ற கேள்வி அமுங்கிப்போகிறது. சாரி இதையும் விடவில்லை. 1984இல் பஞ்சப்படி கேட்டுத் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதன் பிறகு ஒரே கூரையின் கீழ் இருந்த வேலை நிட்டிங், சாயம், கட்டிங், பவர் டேபிள், செக்கிங், அயனிங் என்று சிறுசிறு யூனிட்டுகளாகச் சிதறுவது வேகம் பிடித்தது. ஜாப் ஒர்க் முறையில் யாரிடம் போய்ச் சங்கம் வைப்பது? ஆர்டர் குவியும் மாதங்களில் ஒன்றரை ஷிப்ட் ஓடும், ஷிப்மென்ட் முடிந்ததும் வேலை வற்றும். கவுண்டர் பையன் தொழிலாளியாகச் சேர்ந்து முதலாளியான ஏணி ஒரு காலத்தில் உண்மை. தலித்துகளும் பெண்களும் அந்த ஏணியில் ஏறியது அபூர்வம். இன்று ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் வந்து மேசையில் உட்காருகிறவருக்கு அந்த ஏணியே கண்ணில் படாது. நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் பதின்வயதுப் பெண்களை விடுதியில் அடைத்து, கல்யாணச் செலவுக்குக் கடைசியில் மொத்தமாகத் தருகிறோம் என்று வேலை வாங்கியது இந்த மண்டலத்துக்கு நேர்ந்த பெரிய இழுக்கு. வெளிநாட்டு அமைப்புகள் அறிக்கை வெளியிட்டு உலகறிந்த பிறகுதான் இங்கே பலர் வாய் திறந்தார்கள்.

இன்னொரு மயக்கத்தையும் களைய வேண்டும். திருப்பூர் திறந்த சந்தையில் மோதி வென்றது என்பது முழு உண்மை இல்லை. 1974 முதல் 2004 வரை உலகத் துணி வணிகம் கோட்டாவுக்குள் அடைபட்டிருந்தது. எந்த நாடு எந்த நாட்டுக்கு எத்தனை உருப்படி அனுப்பலாம் என்று வரம்பு. அந்த வரம்பு போட்டி நாடுகளைக் கட்டிப்போட்டுத் திருப்பூருக்கு இடம் கொடுத்தது. 2005 ஜனவரி 1 அன்று கோட்டா ஒழிந்ததும் வங்கதேசமும் சீனாவும் வியட்நாமும் அதே டி-சர்ட்டோடு எதிரே நின்றன.

கொடுமணலையும் திருப்பூரையும் உண்மையாகவே ஒப்பிடத் தக்க இடம் இதுதான். ரோமானியப் பேரரசு இந்தியச் சரக்குக்கு நான்கில் ஒரு பங்கு, அதாவது 25 சதவீதம், சுங்கம் வாங்கியது. அந்தச் சுமை முசிறிக்கும் படியூருக்கும் திரும்பி வந்திருக்க முகாந்திரம் குறைவு. மிளகுக்கும் பெரிலுக்கும் மாற்று இடம் இல்லாததால் ரோமாபுரிப் பணக்காரர் தலையில் அது விடிந்திருக்கும். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி விதித்தபோது நடந்தது நேர்மாறு. அமெரிக்க இறக்குமதியாளர்கள் தள்ளுபடி கேட்டார்கள், ஆர்டரை நிறுத்திவைத்தார்கள். திருப்பூர்ச் சரக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு நெருக்கமாக வாங்கும் நாடு அது. டாக்காவில் கிடைக்கும் சரக்குக்குத் திருப்பூரில் ஏன் அதிக விலை தர வேண்டும் என்ற ஒரு கேள்விக்கு முன்னால் எல்லா மரபும் வாயடைத்துப் போயிற்று. பழங்காலத்தாரிடம் வேறெங்கும் கிடைக்காத சரக்கு இருந்தது, முதல் இல்லை. திருப்பூரிடம் முதல் இருக்கிறது, வேறெங்கும் கிடைக்காத சரக்கு இல்லை. லேபிளும் கடையும் இரண்டு காலத்திலும் அடுத்தவருடையவை.

தண்ணீர்க் கணக்கைச் சேர்க்காமல் இந்த மதிப்பீடு முடியாது. கொடுமணலுக்குப் பக்கத்தில், அதே நொய்யலின் மேல், 1992இல் ஒரத்துப்பாளையம் அணை கட்டப்பட்டது. பாசனத்துக்காகக் கட்டிய அணை சில ஆண்டுகளிலேயே திருப்பூர்ச் சாயக்கழிவின் தேக்கமாக மாறிற்று. தண்ணீரைத் திறந்தால் கீழே பயிர் கருகும், திறக்காவிட்டால் சுற்றியுள்ள கிணறுகள் உப்பாகும். தென்னந்தோப்புகளும் மாடுகளும் பட்ட பாட்டைக் கேட்க அந்தப் பக்கத்து விவசாயிகளில் யாரிடம் பேசினாலும் போதும். வெளிநாட்டு பையர்களின் ஆடிட்டர்கள் பல ஆண்டுகளாகக் கம்பெனிகளுக்கு வந்து போய்க்கொண்டுதான் இருந்தார்கள். அவர்கள் எண்ணியது தீயணைப்பானையும் கழிப்பறையையும்; ஆறு அவர்கள் படிவத்துக்கு வெளியே ஓடியது. வழக்குப் போட்டது நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம். 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் சொட்டுக் கழிவும் வெளியே விடக் கூடாது என்றது, 2009இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது, அப்படியும் மீறல் நிற்காமல் 2011 ஜனவரியில் எழுநூற்றுக்கு மேற்பட்ட சாயப்பட்டறைகளின் மின்சாரத்தைத் துண்டிக்கும் வரை போயிற்று. அதன்பின் வேறு வழியில்லாமல் திருப்பூர் கழிவுநீரைக் காய்ச்சி வடித்து மறுபடி பயன்படுத்தக் கற்றுக்கொண்டது. இன்று இதை உலகத்துக்கே முன்மாதிரி என்று விளம்பரப்படுத்துகிறார்கள். முன்மாதிரிதான், மறுக்கவில்லை. நீதிமன்றப் படியேறிய விவசாயிகளின் பெயரை அந்த விளம்பரத்தில் போடலாம்.

அவிநாசியிலிருந்து எழுதுவதால் இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. திருப்பூர்ச் சாயத்தொழிலுக்கும் நகரத்துக்கும் காவிரியிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம், தனியார் பங்களிப்போடு, 2005 வாக்கில் ஓடத் தொடங்கிவிட்டது. வழியிலிருந்த ஊர்களுக்கும் அதில் குடிநீர் கிடைத்தது உண்மை. எங்கள் வறண்ட குளம் குட்டைகளுக்குப் பவானியின் உபரிநீரைக் கேட்டு அரை நூற்றாண்டுக்கு மேல் உண்ணாவிரதமும் மறியலும் நடந்தன. அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 1,045 நீர்நிலைகளுக்குத் தண்ணீர் விடத் திறக்கப்பட்டது 2024 ஆகஸ்ட் 17 அன்று. ஏற்றுமதிக்குத் தண்ணீர் ஓடி வரும், ஏரிக்கு நடந்து வரும் என்பது எங்கள் பக்கத்து அனுபவம்.

தீர்ப்புக்கு வருகிறேன். கொங்கின் தொலைதேசத் தொடர்பு உண்மை, ரோமாபுரியைவிடப் பழையது, ரோமாபுரியைவிட அகலமானது. அதில் நம் கை ஓங்கியிருந்தது என்பது மிகை. திருப்பூர் அதன் தொடர்ச்சி என்பது கற்பனை. ஆனால் இரண்டில் எது பெருமைக்குரியது என்று கேட்டால் தயங்காமல் திருப்பூரைச் சொல்வேன். காரணம் ஏற்றுமதித் தொகை இல்லை. படியூர்க் கல்லின் நூறு மடங்கில் எத்தனை மடங்கை இங்கே தக்கவைக்கலாம் என்று கொடுமணல்காரர் எந்த மன்றத்திலும் போய்க் கேட்டிருக்க முடியாது. இங்கே 127 நாள் வேலையை நிறுத்திப் பஞ்சப்படி கேட்டார்கள், ஆற்றுக்காக வழக்காடி ஊரின் முதுகெலும்பான தொழிலையே மாதக்கணக்கில் நிறுத்திவைத்தார்கள். உலகச் சந்தையின் நிபந்தனையை ஓரிடத்திலாவது உள்ளூர்க்காரர்கள் திருத்தி எழுதியது கொங்கு வரலாற்றில் இங்கேதான் நடந்தது. அந்தத் திருத்தம் இன்னும் அரைகுறைதான். கழிவுநீரைச் சுத்தம் செய்யும் செலவு துணியின் அடக்கவிலையில் ஏறிவிட்டது, வெளிநாட்டார் தரும் விலையில் ஏறவில்லை. இடையில் விழும் துண்டைப் பெரும்பாலும் பீஸ் ரேட்டில் பிடிக்கிறார்கள்.